செப்டம்பர் பத்தொன்பதின் கணக்கு

ஆண்டுதோறும் செப்டம்பர் 19-ஆம் தேதி, மத்திய அரசின் அலுவலகங்கள் உள்ள ஊர்களில், அஞ்சலக முற்றத்திலோ, வருமான வரி அலுவலக வாயிலிலோ, ரயில்வே பணிமனையின் வாசலிலோ, பகல் உணவு வேளையில் ஊழியர் சிலர் கூடி நிற்பதை வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரும் கண்டிருக்கலாம். சட்டையில் குத்திய சிறு பட்டை, கையில் ஒரு கொடி, சில நிமிட மௌனம், அதன்பின் ஒரு சுருக்கமான சொற்பொழிவு. அச்சொற்பொழிவில் பதான்கோட், பிகானேர், மரியானி, போங்கைகாவோன், டில்லி இந்திரப்பிரஸ்த பவன் என்று சில பெயர்கள் தவறாமல் இடம்பெறும். அவற்றை உச்சரிப்போரில் பெரும்பாலோர் அவ்விடங்களைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். ஆயினும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் அப்பெயர்கள் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே வரிசையில் ஒலிக்கின்றன.

1968-ஆம் ஆண்டு அதே தேதியில், வியாழக்கிழமையன்று, மத்திய அரசு ஊழியர் நாடெங்கும் நடத்திய ஒருநாள் அடையாள வேலைநிறுத்தத்தின் நினைவே இது. அன்று போலீஸாரின் துப்பாக்கிக்கும் தடிக்கும் இரையானவர்கள் இருந்தனர். தொழிற்சங்கங்கள் தம் நினைவேடுகளில் 17 பேரை எண்ணுகின்றன. ஒரே ஒரு நாள், அதுவும் அடையாளமாக நடந்த வேலைநிறுத்தத்துக்கு இத்தனை பெரிய விலை ஏன் கொடுக்க நேர்ந்தது? அவர்கள் கேட்டது யாது? கேட்டது பின்னர் கிடைத்ததா? இவ்வினாக்களுக்கு விடை காண முயலும்போது, மரணங்களின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்த வேறொரு வரலாறும் புலப்படுகிறது. அது ஒரு கணக்கின் வரலாறு. ஒரு குடும்பம் உயிர் வாழ எவ்வளவு சோறு, எவ்வளவு துணி, எவ்வளவு இடம் தேவை என்னும் கணக்கு.

அக்கணக்கின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. குன்னூரில் இயங்கிய உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் 1935 முதல் 1945 வரை இயக்குநராக இருந்தவர் டாக்டர் வாலஸ் அய்க்ராய்டு. அரிசி, கம்பு, பருப்பு, கீரை என்று இந்நாட்டு மக்கள் உண்ணும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, அவற்றின் ஊட்டச் சத்தை அளந்து, நடுத்தர உழைப்புள்ள ஓர் இந்தியருக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதை வகுத்தவர் அவர். வங்கப் பஞ்சத்தை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவிலும் அவர் ஓர் உறுப்பினர். பசியை நேரில் கண்ட ஒருவர் வகுத்த அளவு அது என்பதை நாம் மறத்தலாகாது. அந்த ஆராய்ச்சிக் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அது வகுத்த அளவு டில்லிக்குச் சென்றுவிட்டது.

1957 ஜூலையில் புது டில்லியில் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்த அவையில், குறைந்தபட்ச ஊதியம் எதன் அடிப்படையில் அமைய வேண்டும் என்பது குறித்து ஒருமனதாக முடிவு எட்டப்பட்டது. ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகாகக் கொள்ள வேண்டும். மனைவி மக்களின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது. அலகு ஒன்றுக்கு அய்க்ராய்டு வகுத்தபடி 2,700 கலோரி உணவு. தலைக்கு ஆண்டொன்றுக்கு 18 கஜம் துணி, நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 72 கஜம். அரசின் தொழிலாளர் வீட்டு வசதித் திட்டம் குறிக்கும் மிகச் சிறிய வீட்டுக்கு உரிய வாடகை. விறகு, விளக்கு, பிற செலவுகளுக்கு மொத்த ஊதியத்தில் நூற்றுக்கு 20 பங்கு. ‘தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம்’ என்று அரசுத் தமிழில் நாம் எழுதும் நீண்ட தொடருக்குள் அடங்கியிருப்பது இவ்வளவே. வீட்டுப் பெண்டிர் மாதத் தொடக்கத்தில் மளிகைக் கடைக்குப் போட்டுக் கொடுக்கும் பட்டியலைத்தான் மாநாடு அரசாங்க மொழியில் எழுதிற்று.

மத்திய அரசு ஊழியரின் ஊதியத்தை வரையறுக்க அதற்கு முன்னரே ஒரு குழு அமைந்ததுண்டு. 1946-இல் அமைக்கப்பட்டு 1947-இல் அறிக்கை தந்த முதலாவது ஊதியக் குழுவின் தலைவர், நீதியரசர் ஸ்ரீநிவாச வரதாச்சாரியார் என்னும் தமிழர். அக்குழுவின் கணக்குப்படி கடைநிலைச் சிப்பந்தியின் அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், அதற்கு மேல் பஞ்சப்படி 25 ரூபாய், ஆக மொத்தம் 55 ரூபாய். பத்தாண்டுகள் கழித்து, 1957 ஆகஸ்டில், நீதியரசர் ஜகந்நாத தாஸ் தலைமையில் இரண்டாவது குழு அமைந்தது. தொழிலாளர் மாநாட்டின் முடிவு வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அரசே ஒப்புக்கொண்ட கணக்கைத் தனக்குக் கீழ் வேலை செய்வோருக்கும் அரசு பொருத்தும் என்று ஊழியர் எதிர்பார்த்தனர். 1959-இல் வந்த அறிக்கையோ அக்கணக்கை ஏற்கவில்லை. நாட்டின் வருமானம் அதைத் தாங்காது என்ற கருத்துடன், பஞ்சப்படி உட்பட 80 ரூபாயைக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைத்தது.

அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்ததே 1960 ஜூலை வேலைநிறுத்தம். 11-ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கி ஐந்து நாட்கள் நீடித்தது. பிரதமர் நேரு வானொலி வாயிலாக ஊழியருக்கு வேண்டுகோள் விடுத்தார். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. குஜராத்தின் ரயில்வே பட்டறை ஊரான தாஹோதில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. வேலைநிறுத்தம் ஊழியருக்குத் தோல்வியாக முடிந்தது. ஆயினும் அதிலிருந்து இரு தரப்பும் ஒரு பாடம் கற்றன. வீதிக்கு வருவதற்கு முன் பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும் என்பதே அப்பாடம். 1966-இல் தோற்றுவிக்கப்பட்ட கூட்டு ஆலோசனை அமைப்பு அதன் விளைவு. அரசின் அதிகாரிகளும் ஊழியரின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்வர். ஊதியமும் படிகளும், வாரத்துக்கான வேலை நேரம், விடுப்பு ஆகிய பொருள்களில் உடன்பாடு ஏற்படாவிடில் நடுவர் தீர்ப்புக்கு விடப்படும். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடு.

ஏடு எழுதப்பட்ட காலமோ கொடிய காலமாக இருந்தது. 1965-லும் 1966-லும் பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. உணவுப் பொருளின் விலை ஏறிற்று. இன்று நாம் ‘அகவிலைப்படி’ என்று நாகரிகமாக எழுதுவதை அக்காலத் தமிழர் ‘பஞ்சப்படி’ என்றே வழங்கினர். சொல்லில் பஞ்சம் இருந்ததுபோல வீட்டிலும் இருந்தது. வடக்கே கரோல்பாகிலும் லோதி காலனியிலும் பம்பாய் மாதுங்காவிலும் குடியிருந்த தமிழ்க் குமாஸ்தாக்களுக்கு ஒரு கூடுதல் சுமையும் உண்டு. சம்பளத்தில் ஒரு பங்கு மணியார்டராக ஊருக்குப் போக வேண்டும். ஒரே சம்பளம் இரண்டு அடுப்புகளை எரித்தது.

1968-இல் கூட்டு ஆலோசனை அமைப்பின் மேசையில் ஊழியர் தரப்பு பழைய கணக்கை மீண்டும் வைத்தது. தேவை அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம், பஞ்சப்படியை அடிப்படைச் சம்பளத்தோடு இணைத்தல், விலைவாசி உயர்வுக்கு முழு ஈடு ஆகியன கோரிக்கைகளுள் முதன்மையானவை. உடன்பாடு ஏற்படவில்லை. அவ்வாறாயின் நடுவர் தீர்ப்புக்கு விடுங்கள் என்றனர் ஊழியர். அரசு அதற்கும் இணங்கவில்லை.

அரசின் தரப்பையும் நாம் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். இரண்டு ஆண்டு வறட்சியால் கருவூலம் வற்றிக் கிடந்தது. ஐந்தாண்டுத் திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டு, ஆண்டுக்கு ஒரு திட்டம் என்று நாடு தள்ளாடிய காலம் அது. மத்திய அரசு ஊழியருக்குக் கொடுப்பதை மாநில அரசு ஊழியரும், ஆலைத் தொழிலாளரும் கேட்பர். நிலமற்ற விவசாயக் கூலிக்கு அந்த 2,700 கலோரியை யார் தருவார்? நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் தொடும் ஒரு கொள்கையை நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கு விடலாகாது என்பது அரசின் வாதம். அதில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் ஊழியரின் எதிர்வாதமும் எளிது. ஊதியம் நடுவர் தீர்ப்புக்கு உரியது என்று எழுதிக் கையெழுத்திட்ட பின், ஊதியத்தின் அடிப்படையே அதற்கு உட்படாது என்றால் மேசை எதற்கு? மாநாட்டில் கையெழுத்திட்ட கணக்கை வீட்டுக்கு வந்தவுடன் மறுப்பது எவ்வகையில் முறை?

செப்டம்பர் 19-இல் ஒருநாள் வேலைநிறுத்தம் என்று ஊழியர் அமைப்புகள் அறிவித்தன. செப்டம்பர் 13-ஆம் தேதி இன்றியமையாப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம் பிறந்தது. வேலைநிறுத்தத்தில் பங்கு கொண்டால் ஆறு மாதம் வரை சிறை, தூண்டினால் ஓராண்டு வரை சிறை, பிடியாணை இன்றியே கைது. இதைவிட ஊழியர் அஞ்சிய மற்றோர் ஆயுதமும் அரசின் கையில் இருந்தது. அக்காலத்தில் மத்திய அரசில் சேர்ந்தோருள் பெரும் பகுதியினர் பல ஆண்டுகள் பணியாற்றியும் ‘தற்காலிக’ ஊழியராகவே இருந்தனர். 1965-ஆம் ஆண்டின் தற்காலிகப் பணி விதிகளின்படி, காரணம் கூறாமலே ஒரு மாத அறிவிப்பில் அவர்களை நீக்கிவிடலாம். பத்தாண்டு உழைத்தவரையும் ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட முடியும். இதை அறிந்தே அவர்கள் அன்று வேலைக்குச் செல்லாமல் இருந்தனர்.

வேலைநிறுத்தம் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் நடைபெறவில்லை. அஞ்சல், தந்தி அலுவலகங்களில் உறுதியாகவும், ரயில்வேயில் இடத்துக்கு இடம் வேறுபட்டும் நடந்தது. மோதல் எழுந்த ஊர்களின் பெயர்களைத் தேசப்படத்தில் குறித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். டில்லியைத் தவிர மற்றவை ரயில் சந்திப்புகள். தலைநகரில் மத்திய அரசு என்பது ஆயிரம் கட்டடம். தொலைவான சிற்றூரிலோ மத்திய அரசு என்பது ரயில் நிலையமும் அஞ்சலகமுமே. அரசுக்கும் ஊழியருக்கும் இடையே எழுந்த பூசல் அங்கே வேறு எங்கும் நிகழ இயலாது. தண்டவாளத்தின் ஓரத்தில்தான் நிகழும்.

பதான்கோட்டை எடுத்துக்கொள்வோம். அன்று அது பஞ்சாபின் குருதாஸ்பூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2011-இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. பிரிவினைக்கு முன் ஜம்முவுக்கு ரயில் சியால்கோட் வழியே சென்றது. 1947-இல் அப்பாதை எல்லைக்கு அப்பால் போய்விட்டது. ஜம்முவுக்குப் புதிய ரயில் பாதை 1972-இல்தான் எட்டிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், காஷ்மீருக்குப் போக வேண்டிய படையும் பண்டமும் ரயிலில் பதான்கோட் வரை வந்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறின. மூன்றாண்டுகளுக்கு முன், 1965-இல், ஒரு போரே நடந்து முடிந்திருந்தது. அத்தகைய ஊரில் ரயில் ஒரு நாள் நிற்பதை அரசு எவ்வளவு பதற்றத்துடன் நோக்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அன்று அந்த நிலையத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அந்நாளின் உயிரிழப்பு அங்கேதான் மிகுதி. பதான்கோட்டின் பெயர் நினைவுக் கூட்டங்களில் முதலில் ஒலிப்பதன் காரணம் இதுவே.

ராஜஸ்தானின் பாலைவெளியில் உள்ள பிகானேர் ரயில்வே கோட்டத்தின் தலைமையிடம். பணிமனையும் குடியிருப்புமாக ரயில்வேயை நம்பி வாழ்ந்தோர் மிகுந்த ஊர் அது. அஸ்ஸாமின் மரியானி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த சந்திப்பு. போங்கைகாவோன், 1960-களில் வந்து சேர்ந்த அகலப் பாதையும் பழைய மீட்டர் பாதையும் சந்தித்த இடம். அங்கே சரக்குகளை ஒரு வண்டியிலிருந்து மற்றொரு வண்டிக்கு மாற்றிய கைகள்தாம் வடகிழக்கு இந்தியாவுக்கு அரிசியும் உப்பும் அனுப்பின. நாட்டின் விளிம்புகளில் இருந்த இவ்வூர்களுக்கு டில்லியில் நடந்த பேச்சு வார்த்தையின் நுணுக்கங்கள் எட்டியிராமல் இருக்கலாம். கோரிக்கையின் பொருள் மட்டும் அவற்றுக்கு நன்கு விளங்கியிருந்தது.

டில்லியில் நிகழ்ந்தது வேறு விதம். யமுனைக் கரையை ஒட்டிய இந்திரப்பிரஸ்தப் பகுதியில் அரசு அலுவலகங்கள் நிறைந்த இந்திரப்பிரஸ்த பவனுக்குள் போலீஸார் புகுந்து ஊழியரைத் தடிகொண்டு தாக்கினர். பலர் காயமுற்றனர். உயிரிழப்பும் நேர்ந்தது. கோப்பும் மையும் நாற்காலியும் மட்டுமே அறிந்த அறைகளில் தடியடி நிகழ்ந்தது குமாஸ்தா வர்க்கத்தையே உலுக்கிற்று. தொழிலாளி என்னும் சொல் ஆலையில் வேலை செய்பவரைக் குறிப்பது, தமக்கு உரியதன்று என்று கருதியிருந்தோர் பலர் அன்றுமுதல் அவ்வாறு கருதவில்லை.

இன்னொரு மாநிலத்தில் கதை வேறு திசையில் சென்றது. கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான அரசு, அமைதியாக வேலைநிறுத்தம் செய்வோரை அவசரச் சட்டத்தின் பேரில் ஒடுக்குவதற்கு இசையவில்லை. மத்திய அரசு தன் அலுவலகங்களைக் காக்க மத்திய ரிசர்வ் போலீஸ் படையை மாநில அரசைக் கலந்து கொள்ளாமலே அனுப்பியது. சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு என்று அரசியல் சட்டம் கூறும்போது, மத்தியப் படை மாநிலத்துக்குள் யாருடைய ஆணையின் கீழ் நிற்கும் என்ற வினா எழுந்தது. நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் அவ்வினா நெடுநாள் விவாதிக்கப்பட்டது. 1976-இல் செய்யப்பட்ட 42-ஆவது திருத்தம், மாநிலங்களில் மத்தியப் படைகளை நிறுத்தும் அதிகாரத்தை மத்தியப் பட்டியலில் வெளிப்படையாகவே சேர்த்தது. சோற்றுக் கணக்கில் தொடங்கிய பூசல் அரசியல் சட்டத்தின் நுட்பமான ஒரு கேள்வியையும் கிளப்பிவிட்டது.

வேலைநிறுத்தம் ஒரே நாளில் முடிந்தது. தண்டனை அவ்வாறு முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். தற்காலிக ஊழியர் ஆயிரக்கணக்கில் பணிநீக்க அறிவிப்புப் பெற்றனர். நிரந்தர ஊழியர் பலர் தற்காலிகமாக விலக்கி வைக்கப்பட்டனர். சங்கங்களின் அங்கீகாரம் பறிபோயிற்று. வேலைக்கு வராத ஒரே குற்றத்துக்காகப் பலரின் பணிக்காலம் இடைமுறிந்ததாகப் பதிவேட்டில் எழுதப்பட்டது. இந்தக் கடைசித் தண்டனையின் கொடுமையை அரசுப் பணியில் இல்லாதவர் எளிதில் உணர மாட்டார். முறிவுக்கு முந்திய ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் வாராமல் போகலாம், பதவி உயர்வில் பின்னுக்குத் தள்ளப்படலாம். ஒரு நாள் வேலைக்குச் செல்லாததற்கு முதுமையில் விலை கொடுக்க நேரும். பின்வந்த ஆண்டுகளில் அரசு படிப்படியாக மனம் இளகியது. வேலை இழந்தோர் பலர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர், அங்கீகாரமும் மீண்டது. ஆனால் அந்தப் படிப்படியான காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை எந்தப் பதிவேடும் கூறாது.

நினைவு நாளின் தன்மையை இங்கே சற்று ஆராய வேண்டும். ஆலைத் தொழிலாளரின் போராட்டத்துக்கு ஆலை இருந்த ஊரே நினைவிடம் ஆகும். அவ்வூரின் தெருமுனையில் ஒரு தூண் எழும், பேரன் பேத்திகள் அதைக் கடந்து பள்ளி செல்வர். நம் திருச்சி பொன்மலையில், 1946 செப்டம்பர் 5-இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது உயிர் நீத்த ஐவரை அவ்வூர் ஆண்டுதோறும் நினைவுகூர்வது அவ்வகை. மத்திய அரசு ஊழியருக்கோ சொந்த ஊர் என்று ஒன்று நிலைப்பதில்லை. இன்று பிகானேர், நாளை பரோடா, மறுநாள் ஈரோடு. கொலையைக் கண்டவர் இடம் மாறிப் போய்விடுவார். அவருடைய இடத்துக்கு வருபவர் அதைக் காணாதவர். ஆகவே இவர்களின் நினைவு கல்லில் தங்கவில்லை, தேதியில் தங்கிற்று. இடமாற்ற ஆணையோடு அதுவும் பெட்டியில் ஏறிப் பயணம் செய்தது. பதான்கோட்டில் நிகழ்ந்ததை ஒருவர் திருவனந்தபுரத்திலும், மரியானியில் நிகழ்ந்ததை மற்றொருவர் மதுரையிலும் எடுத்துக் கூறியது அவ்வாறே. 2018-இல் அரை நூற்றாண்டு நிறைவெய்தியபோது, அன்று பணியில் இருந்தோரில் எவரும் அலுவலகத்தில் இல்லை. அன்று பதினெட்டு வயதில் சேர்ந்தவரும் ஓய்வு பெற்று எட்டாண்டு ஆகியிருக்கும். ஆயினும் நாள் அனுசரிக்கப்பட்டது.

தேதியில் தங்கும் நினைவுக்கு ஒரு குறையும் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு சொல்லச் சொல்ல, மரணங்கள் நிலைக்கும், காரணம் தேயும். இளைய ஊழியர் பலருக்கு ஐந்து ஊர்களின் பெயர் தெரியும், 72 கஜத் துணியின் கதை தெரியாது. அக்கதையின் எஞ்சிய பகுதியை அறிந்தால்தான் நினைவு முழுமை பெறும்.

1970-இல் நீதியரசர் ரகுபர் தயாள் தலைமையில் மூன்றாவது ஊதியக் குழு அமைந்து, 1973-இல் 185 ரூபாயைக் குறைந்தபட்சமாகப் பரிந்துரைத்தது. அரசு அதை 196 ஆக்கியது. 1986 முதல் 750, 1996 முதல் 2,550, 2006 முதல் 7,000 என்று அத்தொகை ஏறியது. எண்கள் பெருகினவே தவிர, எண்ணும் முறையைப் பற்றிய வழக்கு தீரவில்லை. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதில் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. சென்னையிலும் ஆலை வைத்திருந்த ரெப்டகாஸ் பிரெட் என்னும் மருந்து நிறுவனத்துக்கும் அதன் தொழிலாளருக்கும் இடையே நடந்த வழக்கு அது. 1957-ஆம் ஆண்டின் ஐந்து அளவைகளோடு, குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை உள்ளிட்ட எளிய பொழுதுபோக்கு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் நூற்றுக்கு 25 பங்கு சேர்க்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. பசிக்கும் மானத்துக்கும் மட்டும் இடம் தந்திருந்த கணக்கில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடம் கிடைத்தது. 2015 நவம்பரில் ஏழாவது ஊதியக் குழு, 15-ஆவது தொழிலாளர் மாநாட்டின் அளவைகளையே அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டு, 18,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாகப் பரிந்துரைத்தது. ஊழியர் சங்கங்கள் அதே அளவைகளைக் கொண்டு 26,000 கேட்டன. தொகையில் கருத்து வேறுபாடு இருந்தது. கணக்கின் அடிப்படையை மட்டும் எவரும் மறுக்கவில்லை. 1968-இல் நடுவரிடம் விடுவதற்கே உரியதன்று என்று ஒதுக்கப்பட்ட கணக்கு, 47 ஆண்டுகளுக்குப் பின் அரசு அமைத்த குழுவின் ஏட்டில் அதிகாரத்துடன் அமர்ந்தது.

இதனால் வேலைநிறுத்தம் வென்றது என்று நாம் முடிவு கட்டிவிட இயலாது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை உண்டா என்ற வினாவில், 2003-ஆம் ஆண்டுத் தமிழக அரசு ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றே கூறியது. முறையும் உரிமையும் வெவ்வேறு பாதைகளில் நடந்தன. கணக்கு ஏற்கப்பட்டது, அதைக் கேட்ட வழி ஏற்கப்படவில்லை.

முடிவாக ஒன்று. அக்கணக்கு இன்று எவரை உள்ளடக்குகிறது, எவரை வெளியே நிறுத்துகிறது என்று எண்ணிப் பார்ப்பது நினைவு நாளின் கடமைகளுள் ஒன்றாகும். கிராமங்களில் அஞ்சல் சுமக்கும் கிராமிய அஞ்சல் ஊழியர் ஊதியக் குழுவின் எல்லைக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனிக் குழு, தனி விகிதம். அலுவலகக் கூடத்தைப் பெருக்குபவரும், வாயிலைக் காப்பவரும், கணிப்பொறியில் தட்டச்சு செய்யும் இளைஞரும் பல இடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுள் நம் மாநிலத்திலிருந்து சென்றோரும் உண்டு, பிற மாநிலங்களிலிருந்து நம் ஊருக்கு வந்தோரும் உண்டு. 1968-இல் ‘தற்காலிக’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு ஒரே தாளில் நீக்கப்பட்டவர்களின் நிலையில்தான் அவர்கள் இருக்கின்றனர். அவர்களுடைய வயிற்றுக்கும் நாள் ஒன்றுக்கு அதே 2,700 கலோரி வேண்டும். அவர்களுடைய குழந்தைகளுக்கும் தலைக்கு அதே 18 கஜம் துணி வேண்டும். செப்டம்பர் பத்தொன்பதில் உயிர் நீத்தவர்களின் பெயர்களைப் படித்த பின், அவர்கள் கேட்ட கணக்கையும் ஒருமுறை உரக்கப் படித்து, அது அவ்விடத்தில் நிற்கும் எல்லோருக்கும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நேர்மையான அஞ்சலியாகும்.